ஊவாவின் பழமாளிகைகளும் பல்கலைக்கழகமும்

ஆலயத் திருப்பணிகளைக் கண்டு பழகிய நம்மவர்க்குப் பழங்கட்டடத்தைப் புதுக்குதல் புதிய கருத்தன்று. ஆகமங்கள் அதற்கு ஜீர்ணோத்தாரணம் என்று பெயரிட்டு, அதனை எப்பொழுது செய்வது, எவ்வாறு செய்வது, பணி நடைபெறுங் காலத்தில் மூர்த்தியை எங்கே எழுந்தருளச் செய்வது என்பனவற்றையெல்லாம் வகுத்துரைத்துள்ளன. ஆயின், புதுக்கப்பட்ட ஆலயம் பின்னரும் ஆலயமாகவே விளங்கும். ஒரு செல்வர் வாழ்ந்த மாளிகையைப் புதுக்கிப் பல்கலைக்கழகத்தின் கையில் ஒப்படைக்கும்பொழுதோ, கட்டடம் நிலைக்க அதன் தொழில் மாறிவிடுகின்றது. விருந்து நடந்த கூடத்தில் விரிவுரை நடத்தல் வேண்டும். படுக்கையறையில் நூல்களை அடுக்குதல் வேண்டும். எதைக் காப்பது, எதை மாற்றுவது, எவருடைய நினைவைச் சுவரில் எழுதி வைப்பது என்னும் வினாக்கள் அங்கேதான் எழுகின்றன. பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் கண்முன் நிறுத்தி அவ்வினாக்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊவா 1886ஆம் ஆண்டிலே தனி மாகாணமாக வகுக்கப்பட்டது. பதுளை அதன் தலைநகராயிற்று. கோப்பிச் செடியை அழித்த இலைநோய் இலங்கையில் 1869இல் முதன்முதற் காணப்பட்டது. அதன்பின் மலைச்சாரல்கள் தேயிலைக்கு மாறின. சேர் தோமஸ் லிப்டன் 1890இல் ஹப்புத்தளைப் பகுதித் தோட்டங்களை வாங்கி, அதே ஆண்டில் தம்பேத்தன்னையில் தொழிற்சாலையைக் கட்டினார். புகைவண்டி ஹப்புத்தளையை 1893இலும் பதுளையை 1924இலும் எட்டியது. அதற்கு முன்னர் எழுந்த பங்களாக்களின் இரும்புத் தகடும் கண்ணாடியும் மாட்டுவண்டியிலும், பாதை ஒழிந்த இடத்தில் மனிதர் தலையிலும் ஏறி மலைக்கு வந்தவை. கருங்கல்லை உடைத்துச் செதுக்கியோரும் மண் வெட்டிச் சமன் செய்தோரும் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரே.

அப்பங்களாக்களின் அமைப்பை ஒருமுறை கூர்ந்து நோக்குதல் தகும். மலையின் தோள்போல் நீண்ட மேட்டில், வெள்ளம் தேங்காத உறுதியான நிலத்தில் துரையின் வீடு அமைந்திருக்கும். முன்புறம் அகன்ற விறாந்தை. உள்ளே குளிர்காயும் அடுப்பும் புகைபோக்கியும். பின்புறம் வீட்டோடு ஒட்டாமல் சமையற்கட்டும் அப்புவின் அறையும். அதற்குக் கீழே தொழிற்சாலை, அலுவலகம், பிரட்டுக்களம். அவற்றுக்கும் கீழே, சரிவிலும் பள்ளத்திலும், லயங்கள். தோட்டத்தின் அதிகார வரிசை முழுவதும் நிலத்தின் மேலேயே வரையப்பட்டிருக்கின்றது. விறாந்தையிலிருந்து லயம் தெரியும். லயத்திலிருந்து விறாந்தை தெரியும். ஆயினும் இரண்டிடத்துப் பார்வையும் ஒன்றல்ல.

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992 முதல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்களுக்கிடையே பங்களாக்களிற் சில முகாமையாளர் இல்லங்களாக நீடித்தன; சில விடுதிகளாயின; சில கதவடைத்து மழைக்கு இரையாயின. போகவந்தலாவைப் பகுதியில் பழைய பங்களாக்கள் செப்பஞ்செய்யப்பட்டு, 2005இல் வெளிநாட்டுச் செல்வர் தங்கும் விடுதிகளாகத் திறக்கப்பட்டன. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதும் அதே 2005ஆம் ஆண்டிலேதான். பங்களா விடுதியாயிற்று, பல்கலைக்கழகமோ பெரும்பாலும் புதிய கட்டடங்களில் வளர்ந்தது. தேயிலைத் தொழில்நுட்பத்தைப் பட்டப்படிப்பாகக் கற்பிக்கும் கழகம் அது என்பதை எண்ணும்பொழுது, தேயிலை கட்டிய மாளிகைகளுக்கும் அதற்கும் இடையே ஓர் உறவு ஏற்பட்டிருக்கலாமே என்று எமக்குத் தோன்றுகின்றது.

சட்டம் இவ்வகைக் கட்டடங்களை எவ்வாறு நோக்குகின்றது? 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆந் தேதிக்கு முற்பட்டவற்றையே பழைய நினைவுச்சின்னங்களாகக் கொள்கின்றது. கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமான நாள் அது. பின்னெழுந்த கட்டடமாயின், நூறாண்டுக்குக் குறையாத பழமை உடையதென்று கண்டு, அமைச்சர் கட்டளை பிறப்பித்தாலன்றிக் காப்பு இல்லை. தோட்டங்களெல்லாம் 1815க்குப் பின்னர்த் தோன்றியவை. ஆதலால் ஊவாவின் எந்தப் பங்களாவும், எந்த லயமும், தானாகவே காப்புப் பெறுவதில்லை.

இம்மாகாணத்தின் மாளிகைகளுள் பெயர் பெற்றது ஹப்புத்தளையை அடுத்துள்ள அடிஷாம். இங்கிலாந்தின் முதலமைச்சராயிருந்த ஜோன் றசல் பிரபுவின் பேரனும், கொழும்பின் பழம்பெரும் வணிக நிலையமொன்றின் தலைவருமான சேர் தோமஸ் வில்லியர்ஸ் அதனை 1931இல் கட்டி முடித்தார். கென்ற் பகுதியில் தம் தந்தையார் மதகுருவாகப் பணியாற்றிய சிற்றூரின் பெயரையே மாளிகைக்கு இட்டார். கென்றிலுள்ள லீட்ஸ் கோட்டையை மாதிரியாகக் கொண்டு அது அமைக்கப்பட்டதென்பர். சுவர்கள் செதுக்கிய கருங்கல். கதவும் சாளரமும் தளமும் பர்மாத் தேக்கு. நூற்சாலையொன்றும் உள்ளே அமைந்தது. 1960களின் தொடக்கத்தில் மாளிகை பெனடிக்ற் சபைத் துறவியர் கைக்கு வந்து, துறவு மடமாயிற்று. பக்கத்துத் தங்கமலைக் காடு அதற்கு வேலிபோல் நிற்கின்றது.

அடிஷாம் இன்றும் செவ்வனே நிற்பதற்குக் காரணம் யாது? கருங்கல்லின் உறுதி என்று மட்டும் விடை கூறினால் அது பாதி விடையாகும். கல் உறுதியாயிருந்தும் கூரை ஒழுகிப் பாழான வீடுகள் மலைநாட்டிற் பலவுள. மாளிகைக்கு வந்த புதிய தொழில் அதன் இயல்போடு பொருந்தியதே முதன்மையான காரணம் என்பது எமது கருத்து. பலர் கூடி உண்ணும் மண்டபம், நூலறை, தனித்தனி அறைகள், அமைதி, தோட்டம் ஆகியன செல்வர் வீட்டிலும் உண்டு. துறவியர் மடத்துக்கும் வேண்டும். எனவே பெருஞ்சுவர் எதனையும் இடிக்க நேரவில்லை. துறவியர் நாள்தோறும் அங்கே வாழ்வதால் ஓட்டை விழுந்த அன்றே அது கண்ணிற்படுகின்றது. மடத்துக்கும் கல்விக் கழகத்துக்கும் உள்ள தூரம் பெரிதன்று. திருவாவடுதுறை ஆதீனத்திலே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங் கேட்டு உருவானவர் உ. வே. சாமிநாதையர், நல்லூர் ஆறுமுகம் அவர்களுக்கு நாவலர் பட்டம் வழங்கியதும் அவ்வாதீனமே. ஆதலின் அடிஷாம் பல்கலைக்கழகமன்றாயினும், மாளிகை கல்விக்கு இடமாவது எவ்வாறு என்பதற்கு ஊவாவில் நாம் காணத்தக்க நெருங்கிய சான்று அதுவேயாகும்.

பல்கலைக்கழகமே மாளிகையிற் குடியேறியதற்கு எடுத்துக்காட்டு வேண்டின் கொழும்புக்குச் செல்லுதல் வேண்டும். தேர்ஸ்டன் வீதியில் தோமஸ் ஹென்றி ஆதர் டி சொய்சா என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கட்டித் தம் மனைவியின் பெயரால் றெஜினா வளவு என வழங்கிய மாளிகையை அரசாங்கம் வாங்கியது. 1921 ஜனவரியில் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி அங்கே தொடங்கியது. கொலிஜ் ஹவுஸ் என்னும் பெயருடன் அது இன்றும் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உடைமையாக உள்ளது. அக்கல்லூரிக்காக 1906 முதல் வாதாடிய பல்கலைக்கழகச் சங்கத்தின் முன்னணியில் நின்றவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அவரே 1919இல் தொழிலாளர் நலச் சங்கத்தை அமைத்துத் தோட்டத் தொழிலாளருக்காகவும் போராடினார். தொழிலாளியின் கடனைத் தாளில் எழுதி, அவனைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்ற உதவிய துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. மாளிகை கல்லூரியானதும் துண்டு ஒழிந்ததும் ஒரே ஆண்டிலே நிகழ்ந்தன. இரண்டுக்கும் பின்னே ஒரே மனிதரின் உழைப்பு இருந்தது. டி சொய்சா குடும்பத்தின் பெருஞ்செல்வம் தோட்டப் பயிர்களோடு பிணைந்தது என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

மலைநாட்டுக் காலநிலைக்கு இன்னும் பொருத்தமான ஒப்புமை இமயச் சாரலிலுள்ள சிம்லா. இந்தியாவின் அரசப்பிரதிநிதி கோடையிற் தங்குவதற்காக ஹென்றி இர்வின் வரைந்து 1888இல் நிறைவெய்திய மாளிகை அங்கே உண்டு. சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்தோடு தொடர்புடையவரும் அவ்விர்வினே. சுதந்திரத்தின் பின் அது குடியரசுத் தலைவருக்குரியதாயிற்று. தத்துவப் பேராசிரியராயிருந்து அப்பதவிக்கு வந்த இராதாகிருஷ்ணன், அம்மாளிகை உயர் ஆய்வுக்கே பயன்படவேண்டுமென்று கருதினார். 1965இல் இந்திய உயர் ஆய்வு நிறுவனம் அங்கே தொடக்கிவைக்கப்பட்டது. நடனமாடிய கூடமும் விருந்து மண்டபமும் நூலகமாயின.

எல்லா மாளிகைக்கும் இப்பேறு வாய்ப்பதில்லை. சென்னையில் இரு மகளிர் கல்லூரிகள் ஓராண்டு இடைவெளியிற் தோன்றின. 1914இற் தொடங்கிய இராணி மேரி கல்லூரி கடற்கரையிலுள்ள கேப்பர் இல்லத்திற் பிறந்தது. 1915இற் தோன்றிய மகளிர் கிறித்தவக் கல்லூரி மறு ஆண்டில் டவ்டன் இல்லத்துக்குக் குடிபெயர்ந்தது. டவ்டன் இல்லம் 1798ஆம் ஆண்டளவில் எழுந்தது. அது இன்றும் கல்லூரியின் முகமாக நிற்கின்றது; கேப்பர் இல்லமோ சிதைவுற்றுப் பின்னர் இடிக்கப்பட்டது. கல்வி நிறுவனம் என்னும் பெயர் மட்டும் ஒரு கட்டடத்தைக் காப்பாற்றிவிடாது.

இனி, பணியின் முறையைச் சிறிது விளக்குவாம். பழங்கட்டடத்தின் முதற் பகைவன் நீர். பதுளைப் பகுதியில் ஐப்பசி தொடங்கித் தை வரை மழை அடர்ந்து பெய்யும். ஆடி ஆவணியில் வறண்ட காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு அரிய மணத்தைத் தருவது அக்காற்றே. ஆனால், மழையில் ஊதிய மரம் அக்காற்றிற் சுருங்கிப் பிளக்கின்றது. பிளந்த வழியே அடுத்த மழை இறங்குகின்றது. புகைபோக்கி கூரையைத் துளைத்து மேலெழும் இடத்திலும், இரு கூரைச் சரிவுகள் கூடும் பள்ளத்திலும் உள்ள தகடு முதலில் துருவேறும். அங்கே கைப்பிடியளவு ஓட்டை விழுந்தால் சில ஆண்டுகளில் தீராந்திகளின் நுனி உக்கிவிடும். ஈரமான மரத்தைத் தேடிக் கறையான் வரும். எனவே, அறிந்தோர் வண்ணப் பூச்சிற் பணியைத் தொடங்கார். கூரை, பீலி, சுற்று வடிகால் ஆகிய மூன்றையும் செப்பனிட்டு, ஒரு மாரிகாலம் முழுவதும் சுவரை உலரவிட்டுப் பார்த்த பின்னரே உள்ளே புகுவர். பணம் தருவோர்க்கு இந்தப் பொறுமை பெரும்பாலும் இருப்பதில்லை. திறப்பு விழாவுக்கு நாள் முன்னரே குறிக்கப்பட்டுவிடும்.

இரண்டாவது, சாந்து. அக்காலச் சுவர்களிற் பல கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. சுண்ணாம்பு நுண்துளை உடையது. சுவரில் ஏறிய ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேற் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே சிறைப்படும். நீரோடு வந்த உப்புகள் பூச்சின் பின்னே படிகமாகிப் பூச்சையும் கல்லின் முகத்தையும் தள்ளி உதிர்க்கும். வீட்டைக் காப்பதாக எண்ணிச் செய்த பூச்சே அதனை அரிப்பது இவ்வாறுதான். யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகளிலும் இக்கேட்டைக் காணலாம். சுண்ணாம்பை நீற்றி, நீரில் ஊறவைத்துப் பதப்படுத்தும் கைவினையறிந்த கொத்தர் அருகி வருகின்றனர். அவர்களைத் தேடிப் பிடிப்பதும் இளைஞர் சிலரை அவரிடம் பழக்குவதும் பல்கலைக்கழகம் செய்யக்கூடிய பணியே. கட்டடம் திருந்தும் காலத்திலேயே அது பாடசாலையுமாகிவிடும்.

மூன்றாவது, சுமை. வீட்டுக்கென அமைந்த தளம் ஒரு சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிலோ வரை தாங்குமெனக் கணிப்பது வழக்கம். ஆளுயரத்துக்கு மேல் நூலடுக்குகள் செறிந்து நிற்கும் தளத்துக்கோ 600 கிலோவளவில் வலிமை வேண்டும். மேன்மாடத்துப் படுக்கையறைகளை நூலகமாக்குவோம் என்று விரும்புவோர் இக்கணக்கை முதலிற் பார்த்தல் வேண்டும். தேக்குத் தளத்தை அகற்றிக் கொங்கிறீற்று ஊற்றினால் நூல்கள் பத்திரமாயிருக்கும். ஆனால் காக்கப் புகுந்த மாளிகை போய்விடும். நூலடுக்கைக் கீழ்த்தளத்திலோ பழைய களஞ்சியத்திலோ வைத்து, மேலே வாசிப்போர் மேசைகளை மட்டும் இடுவது தக்க வழி. மின்கம்பியும் தீயணைக்கும் ஏற்பாடும் மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளமும் இன்று தவிர்க்கவொண்ணாதவை. அவற்றை எதிர்காலத்தில் அகற்றினும் பழஞ்சுவர் ஊறுபடாதவாறு பொருத்துதலே முறை.

1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமும் 1979இல் அவுஸ்திரேலியாவிற் தோன்றிய பர்ரா சாசனமும் இத்துறைக்கு நெறி வகுத்தவை. சமுதாயத்துக்குப் பயன்படும் தொழிலைக் கட்டடத்துக்குத் தருவது அதன் காப்புக்கு உதவுமென்றும், அதற்காக அதன் அமைப்பைச் சிதைத்தலாகாதென்றும் முன்னது கூறும். ஊகம் தொடங்குமிடத்திற் புதுக்கும் பணி நின்றுவிட வேண்டுமென்பதும் அதன் கருத்து. பின்னது, கட்டடத்தின் மதிப்பைக் கல்லிலும் மரத்திலும் மட்டுங் காணாமல், அதனோடு தொடர்புடைய மக்கள் அதற்குக் கொடுக்கும் பொருளிலுங் காண்கின்றது. ஊவாவைப் பொறுத்தவரை இப்பின்னைய கருத்தே இன்றியமையாதது.

ஏனெனில், ஒரு துரை மாளிகையைப் புதுக்கி, அதன் கூடத்தில் துரைமாரின் படங்களை வரிசையாக மாட்டிப் பல்கலைக்கழகம் அங்கே குடிபுகுமாயின், பதுளை மாவட்டத்துத் தோட்டத்திலிருந்து முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகம் புகும் மாணவி அம்மண்டபத்தைக் கடக்கும்பொழுது என்ன நினைப்பாள்? அவளுடைய பூட்டனார் அந்த விறாந்தைக்கு ஏறியிருக்க முடியாது. அப்பூட்டனாரின் பெயர் எங்கேனும் எழுதப்பட்டிருக்குமாயின், அது செக்றோல் புத்தகத்திலேதான் இருக்கும்: நாட்பெயர், நிறுத்த கொழுந்து, பிடித்த கடன். மலையகத்துக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்னும் குரல் பல்லாண்டாக ஒலித்து வருகின்றது. அக்குரலின் பின்னே இடப்பற்றாக்குறை மட்டும் இருப்பதாக நாம் எண்ணுவதற்கில்லை.

இதற்கு வழிகாட்டத் தமிழர் வரலாற்றிலேயே முன்மாதிரி உண்டு. பத்தாம் நூற்றாண்டிலே செம்பியன் மாதேவியார் சோழ நாட்டுச் செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளியாக மாற்றினார். திருக்கோடிகாவிற் பழங்கோயிலைப் புதுக்கியபொழுது, அதன் கற்களிலிருந்த முந்தைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரிலே மீளப் பொறிக்கச் செய்தார். விளக்கெரிக்க ஆடும் பொன்னும் கொடுத்த பழைய அடியார்களின் அறம் புதிய கட்டடத்தில் மறைந்துவிடலாகாது என்பது அவ்வரசியாரின் எண்ணம் போலும். கட்டடத்தை முழுதும் மாற்றியவர் ஏட்டை மாற்றவில்லை. பதுளை நகரிலேயே, நூலக வளவில், பத்தாம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டு ஒன்று நிற்கின்றது. அதிகாரிகள் முறையற்று வரி பிடுங்குவதாகச் சந்தை வணிகர் அரசனிடம் முறையிட்டதையும், அரசன் அதற்கு விதி வகுத்ததையும் அது கூறும். எளியோர் முறையீட்டைக் கல்லில் எழுதி வைத்த மாகாணம் ஊவா.

ஆதலின், மாளிகையைக் கேட்கும் பல்கலைக்கழகம் செக்றோல் புத்தகங்களையும், தோட்ட வரைபடங்களையும், பிறப்பு இறப்புப் பதிவுகளையும், துரைக்கும் கம்பனிக்கும் இடையே நடந்த கடிதங்களையும் சேர்த்தே கேட்டல் வேண்டும். இவை இன்று தொழிற்சாலை மேல்மாடங்களிலும் அலுவலக அலுமாரிகளிலும் பூச்சிக்கு இரையாகிக் கொண்டிருப்பவை. விருந்துக் கூடத்தைத் துணைவேந்தரின் வரவேற்பறையாக்குவதைவிட, இப்பத்திரங்களை வாசிக்கும் அறையாக்குதல் சாலச் சிறந்தது. மாளிகையோடு ஒரு லயத்தையும் சேர்த்துப் புதுக்கவேண்டுமென்பதும் எமது துணிபு. இது கனவன்று. கம்பளையை அடுத்த பழைய பீக்கொக் தோட்டத்தில் லயமொன்று செப்பஞ்செய்யப்பட்டு, 2007 முதல் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாகவும் ஆவணக் காப்பகமாகவும் விளங்குகின்றது. ஹந்தானையிற் கைவிடப்பட்ட தொழிற்சாலை தேயிலை அருங்காட்சியகமானதும் அறிந்ததே. மாளிகை, தொழிற்சாலை, லயம் ஆகிய மூன்றும் ஒரே மலையில் ஒன்றாகப் பேணப்பட்டு ஒரு கல்விக் கழகத்தின் வசமானால், தோட்டத்தின் வரலாற்றை மேலிருந்தும் கீழிருந்தும் கற்க வழி பிறக்கும்.

லயத்தைப் புதுக்குவதில் ஓர் இடர் உண்டு, அதனை மறைத்தலாகாது. 2014 ஒக்டோபர் 29ஆந் தேதி காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளத்தின் விளிம்பில் மக்களைக் குடியிருத்திய அக்காலத் திட்டத்தின் பலனை அன்று அங்கிருந்தோர் அனுபவித்தனர். ஆகவே, லயத்தை நினைவாகக் காப்பதற்குமுன் நிலத்தின் உறுதியைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியே சோதித்தல் வேண்டும். இன்னமும் லயங்களில் வாழ்வோருக்கு உறுதியான நிலத்தில் வீடு கிடைப்பது, எந்த அருங்காட்சியகத்துக்கும் முந்திய கடமை. குடியிருப்போர் வெளியேறித் தக்க வீடு பெற்ற லயமே நினைவுச்சின்னமாதற்கு உரியது.

அடிஷாம் மாளிகைக்கு 2031இல் நூறாண்டு நிறைகின்றது. சட்டப்படி காப்புக் கோருவதற்கான வயது அப்பொழுது அதற்கு வந்துவிடும். ஊவாத் தோட்டங்களின் லயங்களிற் பல அந்த வயதை முன்னரே கடந்துவிட்டன. அவற்றுள் இன்னமும் அடுப்பெரிகின்றது.